இரண்டு தெரிந்தால் நான்கும் தெரியும்



மின்னோட்டவியல் அலகில் நீங்கள் அடிக்கடி சந்திக்கும் வினா இது: "ஓர் உபகரணத்தின் முனைகளுக்கிடையிலான அழுத்த வித்தியாசம் இவ்வளவு, அதனூடாகப் பாயும் மின்னோட்டம் இவ்வளவு. அதன் தடை யாது? அது விரயமாக்கும் வலு யாது?" தரப்படுபவை இரண்டே எண்கள். ஒருமுறை வகுத்தால் தடை கிடைக்கும். ஒருமுறை பெருக்கினால் வலு கிடைக்கும். ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கணிதச் செய்கைகள்தாம். அப்படியிருந்தும் பலர் இங்கே புள்ளிகளை இழக்கிறார்கள். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவார்கள். பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பார்கள். சிலர் மின்னோட்டத்தை அழுத்த வித்தியாசத்தால் வகுத்துவிட்டு அதன் அருகே 'ஓம்' என்று எழுதுவார்கள்.

மாத்தளை மாவட்டத்தில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். சமன்பாட்டை மாத்திரம் மனனம் செய்தவர்களே இவ்வாறு தடுமாறினார்கள். "இந்த விடை எதற்கு உதவும்?" என்று கேட்டவர்கள் தடுமாறவில்லை. ஆகவே சமன்பாட்டை மீண்டும் ஒருமுறை எழுதிக் காட்டுவதோடு நிறுத்தாமல், தம்புள்ளையிலும் அதைச் சூழவும் நாம் காணும் பொருள்களை வைத்து இந்த இரண்டு விடைகளும் என்ன சொல்கின்றன என்பதை உங்களோடு பேச விரும்புகிறேன். இடையிடையே பென்சிலை எடுத்து நீங்களும் கணித்துப் பாருங்கள்.

வகுத்தால் என்ன, பெருக்கினால் என்ன?

ஒரு நிக்குரோம் கம்பிச் சுருளை எடுத்துக்கொள்வோம். அதனுடன் அம்பியர்மானியைத் தொடராகவும் வோல்ற்றுமானியைச் சமாந்தரமாகவும் இணைத்து, முதலில் ஒரு உலர்மின்கலத்தையும், பின்னர் இரண்டையும், பின்னர் மூன்றையும் தொடராகப் பயன்படுத்துகிறோம். வாசிப்புகள் பின்வருமாறு கிடைத்தன எனக் கொள்வோம்.

முதலாம் வாசிப்பு: 1.5 வோல்ற்று, 0.1 அம்பியர்.
இரண்டாம் வாசிப்பு: 3.0 வோல்ற்று, 0.2 அம்பியர்.
மூன்றாம் வாசிப்பு: 4.5 வோல்ற்று, 0.3 அம்பியர்.

இப்போது ஒவ்வொரு சோடியையும் வகுத்துப் பாருங்கள். 1.5 ÷ 0.1 = 15. 3.0 ÷ 0.2 = 15. 4.5 ÷ 0.3 = 15. மூன்று தடவையும் ஒரே விடை. அழுத்த வித்தியாசமும் மாறியது, மின்னோட்டமும் மாறியது. ஆனால் அவற்றின் விகிதம் மாறவில்லை. மாறாத இந்த 15 ஓம், அந்தக் கம்பிக்குரிய இயல்பு. நாம் எத்தனை மின்கலங்களை இணைத்தோம் என்பது அதற்குப் பொருட்டல்ல. இதையே தடை என்கிறோம்.

அடுத்து அதே சோடிகளைப் பெருக்கிப் பாருங்கள். 1.5 × 0.1 = 0.15 வாற்று. 3.0 × 0.2 = 0.6 வாற்று. 4.5 × 0.3 = 1.35 வாற்று. இவை ஒன்றாக இல்லை. இரண்டாவது விடை முதலாவதின் 4 மடங்கு. மூன்றாவது 9 மடங்கு. அழுத்த வித்தியாசத்தை இரு மடங்காக்கினால் வலு நான்கு மடங்காகிறது; மும்மடங்காக்கினால் ஒன்பது மடங்காகிறது. வலு என்பது அந்தக் கம்பி ஒவ்வொரு செக்கனிலும் எவ்வளவு மின்சக்தியை வெப்பமாக மாற்றுகிறது என்பதைச் சொல்கிறது. 1 வாற்று என்பது செக்கனுக்கு 1 யூல் ஆகும்.

சுருக்கமாக நினைவிற் கொள்ளுங்கள்:

தடை = அழுத்த வித்தியாசம் ÷ மின்னோட்டம். இது "பொருள் எப்படிப்பட்டது?" என்ற வினாவுக்கு விடை.

வலு = அழுத்த வித்தியாசம் × மின்னோட்டம். இது "இப்போது என்ன நடக்கிறது?" என்ற வினாவுக்கு விடை.

அழுத்த வித்தியாசம், மின்னோட்டம், தடை, வலு ஆகிய நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டையும் கணித்துவிடலாம். மூன்றாவதாக ஓர் எண்ணைத் தேடி அலையத் தேவையில்லை.

வகுத்தலைக் கண்டறிந்தவர் யேர்மனியைச் சேர்ந்த கேயோர்க் சைமன் ஓம். அவர் கொலோன் நகரில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த பாடசாலை ஆசிரியர். தம் கையாலேயே கம்பிகளையும் கருவிகளையும் அமைத்து ஆராய்ந்து, முடிவுகளை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவருடைய நாட்டில் அந்நூலுக்கு உடனடியாக நல்ல வரவேற்புக் கிடைக்கவில்லை. 1841ஆம் ஆண்டிலேயே இலண்டன் றோயல் சங்கம் அவருக்குக் கொப்ளி பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தது. அதே 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த யூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் விகிதசமனானது எனக் காட்டினார். வலு = மின்னோட்டம் × மின்னோட்டம் × தடை என நாம் எழுதுவது இதைத்தான்.

ஒரே 60 வாற்று, இரண்டு மின்குமிழ்கள்

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ 9 வீதியும் திருகோணமலைக்குச் செல்லும் ஏ 6 வீதியும் தம்புள்ளையில் சந்திப்பதால், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவு பகலாக அங்கே வந்து போகின்றன. அங்கே வந்து நிற்கும் ஒரு சிறிய லொறியின் முன்விளக்கை எடுத்துக்கொள்வோம். அது 12 வோல்ற்று மின்கலவடுக்கில் எரிகிறது. 5 அம்பியர் மின்னோட்டம் பாய்கிறது.

வலு = 12 × 5 = 60 வாற்று.
தடை = 12 ÷ 5 = 2.4 ஓம்.

இனி, முன்னர் வீடுகளிலும் கடைகளிலும் பரவலாக இருந்த 60 வாற்று இழை மின்குமிழை எடுத்துக்கொள்வோம். அது 230 வோல்ற்றில் எரிகிறது.

மின்னோட்டம் = 60 ÷ 230 = ஏறத்தாழ 0.26 அம்பியர்.
தடை = 230 × 230 ÷ 60 = ஏறத்தாழ 882 ஓம்.

இரண்டும் 60 வாற்றுத்தான். ஒவ்வொரு செக்கனிலும் இரண்டும் 60 யூல் சக்தியையே செலவிடுகின்றன. ஆனால் ஒன்றின் தடை 2.4 ஓம், மற்றதன் தடை 882 ஓம். வலு சமம் என்பதால் தடையும் சமம் என நினைப்பது தவறு என்பதை இவ்வுதாரணம் நன்கு காட்டுகிறது. லொறியின் முன்விளக்குக்குச் செல்லும் வயர், வீட்டு மின்குமிழுக்குச் செல்லும் வயரைவிடத் தடித்ததாக இருக்க வேண்டியதன் காரணமும் இங்கே உண்டு. வயரைச் சூடாக்குவது அதனூடாகப் பாயும் மின்னோட்டம். 0.26 அம்பியரும் 5 அம்பியரும் ஒன்றல்ல.

இங்கே ஒரு கவனிப்பு. எரியாத 60 வாற்று இழை மின்குமிழை ஓம்மானியால் அளந்தால் 882 ஓம் காட்டாது. அதன் பத்திலொரு பங்கைவிடவும் குறைவாகவே காட்டும். மானியில் பிழையில்லை. எரியும்போது தங்குதன் இழையின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசுக்கும் மேலே செல்கிறது. வெப்பநிலை கூடும்போது உலோகத்தின் தடையும் கூடுகிறது. ஓமின் விதியைக் கூறும்போது "வெப்பநிலை மாறாதிருக்க" என்ற சொற்றொடரை விட்டுவிட்டால் புள்ளி குறைக்கப்படுவது இதனாலேயே. அது அலங்காரத்துக்காகச் சேர்த்த சொல் அன்று. நிக்குரோமின் தடை வெப்பநிலையுடன் மிகக் குறைவாகவே மாறும். ஆதலால் நமது முதற் பரிசோதனைக்கு அது ஏற்றது.

தொலைவில் உள்ள கேத்தல்

அடுத்து ஒரு மின் கேத்தல். அது 230 வோல்ற்றில் 10 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறுகிறது.

தடை = 230 ÷ 10 = 23 ஓம்.
வலு = 230 × 10 = 2300 வாற்று.

இந்தக் கேத்தலை 5 அம்பியர் குதையில் ஏன் இணைக்கக்கூடாது என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணிப்பே சொல்கிறது.

தம்புள்ளைப் பகுதியில் தோட்டமும் வீடும் தூரத் தூர இருப்பது வழக்கம். பெரிய வெங்காயச் செய்கைக் காலத்தில் தோட்டக் குடிலில் இரவு காவல் இருப்பவர்கள், வீட்டிலிருந்து நீண்ட வயரை இழுத்து அங்கே தேநீருக்கு நீர் கொதிக்கவைப்பதைக் கண்டிருக்கிறேன். "வீட்டில் சீக்கிரம் கொதிக்கிறது, இங்கே சுணங்குகிறது" என்பார்கள். கேத்தல் அதேதான், நீரும் அதே கிணற்று நீர்தான். பின் ஏன் சுணங்குகிறது?

இழுத்த வயரின் போகும் கம்பிக்கும் திரும்பும் கம்பிக்கும் மொத்தமாக 2 ஓம் தடை உண்டு எனக் கொள்வோம். ஏறத்தாழ 100 மீற்றர் நீளமான சாதாரண வீட்டு வயருக்கு இது பொருத்தமான பெறுமானமே. வயரும் கேத்தலும் தொடராக இருப்பதால்,

மொத்தத் தடை = 23 + 2 = 25 ஓம்.
மின்னோட்டம் = 230 ÷ 25 = 9.2 அம்பியர்.
வயரில் இழக்கப்படும் அழுத்த வித்தியாசம் = 9.2 × 2 = 18.4 வோல்ற்று.
கேத்தலுக்குக் கிடைப்பது = 230 − 18.4 = 211.6 வோல்ற்று.
கேத்தலின் வலு = 211.6 × 9.2 = ஏறத்தாழ 1947 வாற்று.
வயரில் விரயமாகும் வலு = 18.4 × 9.2 = ஏறத்தாழ 169 வாற்று.

கேத்தலுக்குச் செல்லும் அழுத்த வித்தியாசம் 8 சதவீதம் குறைந்தது. ஆனால் அதன் வலு ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிட்டது. வர்க்கம் செய்யும் வேலை அது. காணாமற்போன வலுவில் ஒரு பகுதி புல்லில் கிடக்கும் வயரைச் சூடாக்குகிறது. சுருட்டி வைத்த வயராக இருந்தால் அந்த 169 வாற்று வெப்பம் வெளியேற வழியின்றிக் காவலியை உருக்கிவிடவும் கூடும். நீண்ட வயரைச் சுருள் குலைத்து விரித்துப் பயன்படுத்த வேண்டும் என்று மின்னிணைப்பாளர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

வரியின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை வேளையில் வெளிச்சம் மங்குவதும் இதே கணிப்பின் பெரிய வடிவமே. எல்லோரும் ஒரே நேரத்தில் மின்னைப் பயன்படுத்தும்போது வரியினூடாகப் பாயும் மின்னோட்டம் கூடுகிறது. ஆகவே வரியில் இழக்கப்படும் அழுத்த வித்தியாசமும் கூடுகிறது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே தருகிறேன். கிணற்று நீரை இறைக்கும் மோட்டருக்கு இந்த வகுத்தலை அப்படியே பிரயோகிக்க வேண்டாம். மோட்டர் பெறும் மின்சக்தியில் பெரும் பகுதி பொறிமுறைச் சக்தியாக மாறுகிறது. எனவே 230ஐ மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மோட்டர்ச் சுருளின் தடை அன்று. கேத்தல், மின்னழுத்தி, கணப்பு போன்ற வெப்பமாக்கும் உபகரணங்களுக்கே இந்த இரண்டு கணிப்புகளும் நேரடியாகப் பொருந்தும்.

போவத்தென்னையிலிருந்து வரும் மின்

மகாவலி நீர் பொல்கொல்லையிலிருந்து சுரங்க வழியாகத் திருப்பப்பட்டு, உக்குவளை மின்னிலையத்தைக் கடந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பகுதி நீர் தம்புளு ஓயா வழியாகக் களாவாவியை நோக்கிச் செல்கிறது. போவத்தென்னையில் 1981ஆம் ஆண்டு முதல் 40 மெகாவாற்று மின்னிலையமும் உண்டு. 40 மெகாவாற்று என்றால் 40,000,000 வாற்று. நம் கேத்தலைப் போன்ற 17,000க்கும் மேற்பட்ட கேத்தல்களை ஒரே நேரத்தில் இயக்கப் போதுமான வலு.

இந்த வலுவை 230 வோல்ற்றிலேயே அனுப்பினால் என்ன? கணித்துப் பாருங்கள்.

மின்னோட்டம் = 40,000,000 ÷ 230 = ஏறத்தாழ 174,000 அம்பியர்.

தோட்டத்து வயர் 9.2 அம்பியரிலேயே சூடாகியது. 174,000 அம்பியரைத் தாங்கும் கம்பியை எந்தக் கோபுரம் சுமக்கும்? அதனாலேயே நிலைமாற்றியின் உதவியால் அழுத்த வித்தியாசத்தை 132,000 வோல்ற்றாக உயர்த்தி அனுப்புகிறார்கள்.

மின்னோட்டம் = 40,000,000 ÷ 132,000 = ஏறத்தாழ 303 அம்பியர்.

உண்மையில் மின் மூன்று கம்பிகளில் மூன்று அவத்தைகளாக அனுப்பப்படுவதால் ஒவ்வொரு கம்பியிலும் பாயும் மின்னோட்டம் இதிலிருந்து வேறுபடும். எனினும் அடிப்படை மாறாது. மின்னோட்டம் ஏறத்தாழ 574 மடங்கு குறைகிறது. ஆகவே அதே தடையுள்ள கம்பியில் விரயமாகும் வலு 574 × 574, அதாவது ஏறத்தாழ 330,000 மடங்கு குறைகிறது. பின்னர் உப நிலையங்களில் 33,000 வோல்ற்றாகவும், வீதியோர நிலைமாற்றியில் 400 மற்றும் 230 வோல்ற்றாகவும் குறைக்கப்பட்டு மின் நம் வீட்டுக்கு வருகிறது.

யானை வேலியும் ஒரு மாணவனின் வினாவும்

பரீட்சைக்கு முன்னரான ஒரு கருத்தரங்குக்காகத் தம்புள்ளைக்குச் சென்றிருந்தபோது, மேற்கூறிய கணிப்பைக் கரும்பலகையில் செய்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், ஒரு சந்தேகம். யானை வேலியில ஆறாயிரம் ஏழாயிரம் வோல்ற்று இருக்கெண்டு சொல்றாங்க. வீட்டில 230தான். அப்ப வீட்டுக் கரண்டை வேலிக்குக் குடுத்தா அதைவிட ஆபத்துக் குறைவுதானே?"

"ஏன் தம்பி கேட்கிறீர்?" என்றேன்.

"வாப்பாட சோளச் சேனைக்கு ஒவ்வொரு இரவும் யானை வருது. கம்பி கட்டியாச்சு. வீட்டிலிருந்து லைன் எடுக்கலாமெண்டு பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்றார்."

வகுப்பு அமைதியானது. தம்புள்ளை, கலேவெல, சீகிரியா பக்கத்து மாணவர்களுக்கு யானை என்பது படத்தில் காணும் விலங்கு அன்று. 2023ஆம் ஆண்டில் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தனர். யானைகள் இறப்பதற்கான காரணங்களில் மின்தாக்குதலும் ஒன்று. ஆதலால் அவனுக்கு "அது பிழை" என்று மட்டும் சொல்லி உட்கார வைக்க என்னால் முடியவில்லை. நாங்கள் கணித்தோம். நீங்களும் கணியுங்கள்.

நனைந்த கையும் வெறுங்காலுமாக ஈர நிலத்தில் நிற்கும் மனிதனின் உடற்றடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்வோம். அவன் 230 வோல்ற்றுக் கம்பியைத் தொடுகிறான்.

மின்னோட்டம் = 230 ÷ 1000 = 0.23 அம்பியர்.
வலு = 230 × 0.23 = 52.9 வாற்று.

ஓர் அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே உடல் அதை உணரும். 0.01 முதல் 0.02 அம்பியர் வரை பாயும்போது தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற் போகும். 0.1 அம்பியரளவில் மார்பினூடாகப் பாய்ந்தால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போகலாம். இங்கே பாய்வதோ 0.23 அம்பியர். அதுவும் இடைவிடாது. கையை எடுக்கவும் முடியாது.

"வீட்டில் உருகி இருக்கிறதே, அது உருகிக் காப்பாற்றாதா?" என்று இன்னொருவன் கேட்டான். நல்ல வினா. 5 அம்பியர் உருகிக்கு 0.23 அம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது அசையாமல் இருக்கும். உருகி காப்பது வயரை, மனிதனை அன்று. மனிதனைக் காப்பதற்காக அமைக்கப்பட்டது நாம் 'ட்ரிப் சுவிட்ச்' என அழைக்கும் கருவி. அது 0.03 அம்பியர் நிலத்துக்குக் கசிந்தாலே மின்னைத் துண்டிக்கும். ஆனால் ஈரப் புல் தொடும் வேலிக்கு மின் கொடுத்தால் அது அடிக்கடி துண்டிக்கும் என்பதால், அதற்கு முன்னாலிருந்தே லைன் எடுப்பவர்கள் உண்டு. அப்போது அந்த வேலிக்கும் மரணத்துக்கும் இடையே எதுவும் இல்லை. இருட்டில் வரும் யானைக்கும், அயல் வீட்டுப் பிள்ளைக்கும், விடியற்காலையில் மறந்துபோய்க் கம்பியைப் பிடிக்கும் வீட்டுக்காரருக்கும் அது ஒன்றே.

அப்படியாயின் முறையான யானை வேலியில் உள்ள ஆயிரக்கணக்கான வோல்ற்றுகள்? அங்கே மின் தொடர்ச்சியாகப் பாய்வதில்லை. வேலிக்கான கருவி மின்கலவடுக்கிலிருந்து பெறும் சக்தியை ஒரு கொள்ளளவியில் சேமித்து, ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு தடவை, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்துக்கு மாத்திரம் துடிப்பாக வெளிவிடுகிறது. ஒரு துடிப்பில் வெளிவருவது சில யூல்களே. 5 யூல் எனக் கொண்டால்,

சராசரி வலு = 5 யூல் ÷ 1 செக்கன் = 5 வாற்று.

துடிப்பு வலிக்கும், யானை பின்வாங்கும். அடுத்த துடிப்புக்கு முன் தசை தளர்வதால் கையை எடுத்துவிடலாம். வோல்ற்று எவ்வளவு என்பது மாத்திரம் ஆபத்தைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் என்பவையே தீர்மானிக்கின்றன. எனினும் முறையான வேலியையும் விளையாட்டுக்காகத் தொட வேண்டாம். வீட்டு மின்னை வேலிக்குக் கொடுப்பதோ சட்டப்படி குற்றம்.

அந்த மாணவன் கணிப்புகளைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். 0.23 அம்பியர் என்ற விடையின் கீழ் இரண்டு கோடுகள் இட்டான். அந்த வேலிக்கு வீட்டு லைன் கொடுக்கப்படவில்லை என்பதைப் பின்னொரு நாள் அவனே சொன்னான். யானைகள் வருவது நின்றுவிடவில்லை. அவனும் வாப்பாவும் பரணில் முறை வைத்துக் காவலிருந்தார்கள். அந்தப் போகத்தில் சோளத்தின் ஒரு பகுதி போய்விட்டது. கணிப்பு அவர்களுக்கு யானையை விரட்டித் தரவில்லை. ஆனால் எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்பதைத் தெளிவாக்கியது.

விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

1. தரவுகளை முதலில் அலகுடன் எழுதுங்கள். மில்லி அம்பியரில் தரப்பட்டால் 1000ஆல் வகுத்து அம்பியராக்குங்கள். கிலோவாற்றில் தரப்பட்டால் 1000ஆல் பெருக்கி வாற்றாக்குங்கள்.

2. சமன்பாட்டை எழுதி, பிரதியிட்டு, விடையை அலகுடன் தாருங்கள். விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு.

3. விடை பொருத்தமானதா எனப் பாருங்கள். மின் கேத்தலின் தடை 0.04 எனக் கிடைத்தால் தலைகீழாக வகுத்திருக்கிறீர்கள்.

4. வழங்கும் அழுத்த வித்தியாசம் மாறியதாக வினாவில் கூறப்பட்டால், மாறாதிருப்பது தடையே. முதலில் தடையைக் கண்டு, அதைக் கொண்டு புதிய மின்னோட்டத்தையும் வலுவையும் காணுங்கள். பழைய வலுவைப் பயன்படுத்த வேண்டாம்.

5. பரிசோதனைகளை உலர்மின்கலங்களைக் கொண்டே செய்யுங்கள். வீட்டு மின்வழங்கலில் மானிகளை இணைத்துப் பார்க்க வேண்டாம். 1.5 வோல்ற்று கற்பிப்பதையேதான் 230 வோல்ற்றும் கற்பிக்கும்.

பயிற்சி

1. ஒரு மின்னழுத்தி 230 வோல்ற்றில் 2 அம்பியரைப் பெறுகிறது. அதன் தடையையும் வலுவையும் காண்க.

2. ஒரு தடையியின் முனைகளுக்கிடையே 3 வோல்ற்று; அதனூடாக 20 மில்லி அம்பியர் பாய்கிறது. தடையையும் வலுவையும் காண்க.

3. 230 வோல்ற்று, 1150 வாற்று எனக் குறிக்கப்பட்ட வெப்பமாக்கியின் மின்னோட்டத்தையும் தடையையும் காண்க. அது நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் வீதம் 30 நாட்கள் இயங்கினால் செலவாகும் மின் அலகுகள் எத்தனை?

4. 23 ஓம் தடையுடைய கேத்தலுக்கு 115 வோல்ற்று மாத்திரம் கிடைத்தால் அதன் வலு யாது? 230 வோல்ற்றில் அதன் வலுவின் எத்தனையிலொரு பங்கு இது?

5. 0.03 அம்பியரில் துண்டிக்கும் 'ட்ரிப் சுவிட்ச்' உள்ள வீட்டில், 230 வோல்ற்றுக் கம்பியைத் தொடும் ஒருவரின் உடற்றடை எவ்வளவுக்குக் குறைவாக இருந்தால் அது இயங்கும்?

விடைகள்: (1) 115 ஓம், 460 வாற்று. (2) 150 ஓம், 0.06 வாற்று. (3) 5 அம்பியர், 46 ஓம், 17.25 அலகுகள். (4) 575 வாற்று, நான்கிலொரு பங்கு. (5) ஏறத்தாழ 7667 ஓம்.

ஐந்தாவது வினாவின் விடையை வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். பரீட்சை முடிந்த பின்னரும் உங்களுக்குப் பயன்படக்கூடிய விடை அது. நீங்கள் அனைவரும் சிறந்த பெறுபேறுகளைப் பெற வாழ்த்துகிறேன்.